புது வீட்டில் விரிசல், கசிவு: ஐந்தாண்டுப் பொறுப்பைக் கேட்டு வாங்குவது எப்படி?

புது அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்களுக்கு முதல் அக்டோபர் மழை ஒரு பரீட்சை. ஜன்னல் ஓரத்தில் ஈரம் கட்டும். பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் உப்பும். ஹாலில் பீமுக்குக் கீழே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு ஓடும். பில்டருக்குப் போன் போட்டால் "ஆள் அனுப்புறேன் சார்" என்பார். ஆளும் வருவார், பட்டி பூசி பெயிண்ட் தொட்டுவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கோடு. மூன்றாம் முறை கூப்பிடும்போது, "ஒரு வருஷ வாரண்டி முடிஞ்சிருச்சே சார்" என்று பதில் வரும்.

அந்தப் பதிலைக் கேட்டுச் சும்மா இருந்துவிடத் தேவையில்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற திட்டங்களில் பொறுப்பு ஐந்து ஆண்டு. ஆனால் அந்த ஐந்து ஆண்டு தானாக வேலை செய்யாது. போனில் சொன்னதும், வாட்சப் குழுவில் புலம்பியதும் கணக்கில் நிற்பது கஷ்டம். குறையைத் தேதியோடு எழுதித் தெரிவிக்க வேண்டும், மேலே தெரியும் அடையாளத்தோடு நிற்காமல் அதன் காரணத்தைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த இரண்டில்தான் பெரும்பாலான சண்டைகள் ஜெயிக்கின்றன, அல்லது தோற்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை எல்லோரும் ரெரா என்றே சொல்கிறார்கள். அதன் 14(3)ஆம் பிரிவைப் பேச்சுத் தமிழுக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்: வீட்டை உங்கள் கையில் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள், கட்டமைப்பிலோ வேலையிலோ தரத்திலோ செய்து தருவதாகச் சொன்ன வசதிகளிலோ குறை இருப்பதாக நீங்கள் பில்டருக்குத் தெரிவித்தால், அவர் கூடுதலாகக் காசு கேட்காமல் 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால் நீங்கள் இழப்பீடு கேட்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. கணக்கு தொடங்குவது ஒப்படைத்த நாளிலிருந்து. பத்திரம் பதிந்த நாளும், கிரகப்பிரவேசம் செய்த நாளும் வேறு தேதிகளாக இருக்கலாம். அதனால் சாவி வாங்கும்போது தரும் ஒப்படைப்புக் கடிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். அடுத்தது, பில்டர் ஐந்து ஆண்டுக்குள் சரிசெய்து முடித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்தக் காலத்துக்குள் அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு வருடம் பத்து மாதத்தில் எழுதிய கடிதமும் செல்லும். அப்புறம், தூண், பீம் மாதிரியான கட்டமைப்புக் குறைகளுக்கு மட்டும்தான் ஐந்து ஆண்டு என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தில் வேலைத்தரமும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. டைல்ஸ் பெயர்வதும், பூச்சு உதிர்வதும், பாத்ரூம் ஒழுகுவதும் அதற்குள் அடங்கும்.

கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்ததும் தன் வேலை முடிந்தது என்று பில்டர் கைகழுவவும் முடியாது. எல்லா வீடுகளுக்கும் பத்திரம் முடிந்த பிறகும் இந்தப் பொறுப்பு தொடரும் என்று 11ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. தமிழ்நாட்டில் பிரிபடாத நிலப் பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் நெடுநாளாக இருந்தது. அந்தக் கட்டுமான ஒப்பந்தத்தின் உள்ளே எங்காவது "குறைபாட்டுப் பொறுப்பு 12 மாதம்" என்று ஒரு வரி இருக்கும். அதைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம். ரெராவோடு முரண்படும் இடத்தில் ரெராதான் மேலே நிற்கும்.

இதற்கு வெளியே இருப்பவை எவை? உங்கள் கை பட்டுக் கெட்டவை முதலில் வரும். மாடுலர் கிச்சனுக்காகச் சுவரை உடைத்தது, பாத்ரூம் டைல்ஸை மாற்றியது, ஏ.சி. குழாய்க்குப் பீமில் ஓட்டை போட்டது எல்லாம் இந்த வகை. பழக்கத்தில் தேயும் பொருள்களும் அப்படித்தான். லிஃப்ட், மோட்டார், கீசர், குழாய்கள் போன்றவற்றுக்குத் தயாரிப்பு நிறுவனத்தின் வாரண்டிதான் என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதுவது வழக்கம். அந்த வாரண்டி அட்டைகளையும், நீர்க்காப்பு செய்தவரும் கரையான் மருந்து அடித்தவரும் கொடுத்த உத்தரவாதக் கடிதங்களையும் சாவி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் "ஆபீஸ் மாத்தினப்போ காணாமப் போச்சு" என்பார்கள்.

விரிசலைப் படிக்கத் தெரிந்துகொள்வது

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. எல்லா விரிசலும் "ஹேர்லைன்" என்பதும் உண்மையில்லை. இடத்தையும் போக்கையும் பார்த்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும்.

சுவர் முழுக்க வலைபோல மெல்லிய கீறல்கள், எந்தத் திசையும் இல்லாமல் பரவியிருந்தால் அது பூச்சு காய்ந்து சுருங்கியதால் வருவது. கலவையில் சிமெண்ட் கூடியிருக்கலாம், பூசிய சுவருக்குச் சரியாகத் தண்ணீர் காட்டாமல் விட்டிருக்கலாம். பார்க்க அசிங்கம், ஆனால் உயிருக்கு ஒன்றுமில்லை. பெயிண்ட் அடிக்கும்போது சேர்த்துச் சரிசெய்துவிடலாம்.

தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஒரு விரிசல் வந்தால் கதை வேறு. கான்கிரீட்டும் செங்கல்லும் (இப்போது பல இடங்களில் ஏ.ஏ.சி. பிளாக் என்ற எடை குறைந்த கான்கிரீட் கல்) வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிவதில்லை. அதனால் அந்தச் சேர்மானத்தின் மேல் கம்பி வலையோ ஃபைபர் வலையோ அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும். அதை விட்டுவிட்டால் விரிசல் நிச்சயம். இங்கே பட்டி பூசுவது வீண் வேலை. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் பூச்சை வெட்டி எடுத்து, வலை அடித்து, மறுபடி பூச வேண்டும். கடிதத்தில் இந்த வாக்கியத்தையே எழுதுங்கள். "விரிசலைச் சரிசெய்யவும்" என்று மட்டும் எழுதினால் பட்டிதான் கிடைக்கும்.

மேல் மாடி வீடுகளில் கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஓடும் கோடு வெயிலின் வேலை. தளம் சூட்டில் விரிந்து சுவரை இழுக்கிறது. மொட்டை மாடியில் வெயிலையும் மழையையும் தாங்கப் போடும் வெதரிங் கோர்ஸும் அதன் மேல் தட்டோடும் சரியாக இருந்தால் இது குறையும். ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஜன்னல், கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் இரண்டு பக்கமும் சுவருக்குள் போதுமான அளவு போகாமல் இருந்தாலும் இப்படி வரும், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கினாலும் வரும். செங்கல் இணைப்புகளைத் தொடர்ந்து படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல் என்றால் அஸ்திவாரத்தின் மேல் சந்தேகம் கூடும். கோயம்புத்தூர், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணிலும், சென்னையின் களிமண் பகுதிகளிலும் மண் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும். அங்கே கோடையில் அகன்று மழையில் ஒடுங்கும் விரிசலைப் பார்க்கலாம்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது தூணிலும் பீமிலும் தளத்தின் அடியிலும் கம்பி ஓடும் திசையிலேயே வரும் விரிசலுக்குத்தான். கூடவே பழுப்புக் கறை கசிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். புதுக் கட்டடத்தில் இது வரவே கூடாது. வந்தால், கம்பிக்கு மேலே இருக்க வேண்டிய கான்கிரீட் மறைப்பு போதவில்லை, அல்லது தண்ணீரிலோ மணலிலோ உப்பு இருந்திருக்கிறது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயம் 456 (ஐ.எஸ். 456) தூண்களுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டர் மறைப்பு கேட்கிறது. வேலை நடக்கும்போது இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய கவர் பிளாக்கை வைக்கச் சோம்பல்பட்டு ஜல்லித் துண்டை வைத்து ஒப்பேற்றும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அதன் விலையைச் சில வருடம் கழித்து வீட்டுக்காரர் கொடுப்பார்.

2022 பிப்ரவரியில் டெல்லி அருகே குருகிராமில் ஓர் அடுக்குமாடியின் தளங்கள் சரிந்து இருவர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த டெல்லி ஐ.ஐ.டி. குழு, கான்கிரீட்டில் குளோரைடு உப்பு கலந்திருந்ததைக் காரணமாகச் சுட்டியது. இந்த மாதிரி அடையாளம் தெரிந்தால் கடிதப் போக்குவரத்துக்குக் காத்திருக்காமல் முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

விரிசல் நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று பார்க்க ஒரு பென்சில் போதும். விரிசலின் இரண்டு முனைகளிலும் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். அகலத்துக்கு நேராக ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை எபாக்சியால் ஒட்டிவைப்பது பழைய முறை. விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். சாதாரணச் சூழலில் கான்கிரீட் விரிசல் 0.3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அதே 456ஆம் தர நிர்ணயத்தின் கணக்கு. மாதம் ஒருமுறை எடுத்த படங்கள், தேதியோடு வரிசையாக இருந்தால், "இது எல்லா பில்டிங்லயும் வர்றதுதான் சார்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பூச்சின் தரத்துக்கு ஒரு வீட்டுச் சாவி போதும். அழுத்திக் கீறும்போது மாவாகக் கொட்டினால் கலவையிலோ தண்ணீர் காட்டியதிலோ கோளாறு. 2021 ஆகஸ்டில் சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் விரலால் தொட்டாலே பூச்சு உதிர்ந்த காட்சிகள் தொலைக்காட்சிகளில் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். அரசே கட்டிய கட்டடம் அது. கடைசியில் சென்னை ஐ.ஐ.டி.யின் வல்லுநர்களை வைத்துத்தான் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது.

கசிவு: தண்ணீர் எப்போது வருகிறது?

கசிவில் ஈரம் தெரியும் இடம் ஒன்று, தண்ணீர் புகும் இடம் வேறொன்று. அதனால் முதல் கேள்வி "எங்கே" என்பதைவிட "எப்போது" என்பதாக இருக்கட்டும். மழை பெய்தால் மட்டும் ஈரம் வந்தால் வெளிச்சுவர், ஜன்னல் ஓரம், மொட்டை மாடி இவற்றில் ஒன்று. மழை வெயில் பார்க்காமல் எப்போதும் ஈரமாக இருந்தால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய். பாத்ரூம் புழங்கும்போது மட்டும் என்றால் தரையின் நீர்க்காப்பு, அல்லது கழிவுநீர்க் குழாயின் மூட்டு. சுவரின் அடியில் ஓரடி, இரண்டடிக்கு மட்டும் ஓதம் ஏறி வெள்ளையாக உப்புப் பூத்தால், தரைத்தள வீடுகளில் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது.

பாத்ரூமைச் சோதிப்பது எளிது. தரையில் இருக்கும் வடிகால் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, வாசலில் சின்னக் கரை கட்டி, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த வேண்டும். 24லிருந்து 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டுக் கூரையையும் பக்கத்துச் சுவர்களையும் பார்க்க வேண்டும். ஈரம் வந்தால் நீர்க்காப்பு சரியில்லை என்பது நிரூபணம். வராவிட்டால் குழாய்களைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைப் பில்டரின் ஆள் முன்னாலேயே செய்து, இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை வைத்துக்கொள்வது நல்லது. பாத்ரூம் ஒழுகலுக்கு டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் தடவுவதுதான் நம்மூரில் முதல் வைத்தியம். சில மாதம் தாங்கும். தரைக்கு அடியில் போட்ட நீர்க்காப்புப் பூச்சு கிழிந்திருந்தால் டைல்ஸை எடுத்துத்தான் ஆக வேண்டும். பில்டர் தயங்குவது இந்தச் செலவுக்காகத்தான், அதனால் நீங்கள் பிடித்து நிற்க வேண்டியதும் இதில்தான்.

மேல்வீட்டுப் பாத்ரூம் ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை ஊறினால் பக்கத்து வீட்டுச் சண்டை தொடங்கிவிடும். ஐந்தாண்டுக்குள் என்றால் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பில்டருக்கு எழுதுவதே புத்திசாலித்தனம். இருவரும் பிரிந்து நின்றால் அவருக்குத்தான் வசதி.

சாவி வாங்கும் நாள்

பாதிச் சிக்கலைத் தவிர்க்க முடியும் என்றால் அது இந்த நாளில்தான். காலையில், நல்ல வெளிச்சத்தில் போங்கள். ஒரு வாளி, ஒரு நாணயம், டேப், ஒரு சின்ன பல்பு ஹோல்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தெரிந்த சிவில் எஞ்சினியரையோ கை தேர்ந்த கொத்தனாரையோ உடன் கூட்டிப் போங்கள். ரசமட்டமும் தூக்குக் குண்டும் அவரிடம் இருக்கும்.

பாத்ரூமிலும் பால்கனியிலும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் தேங்கினால் வாட்டம் சரியில்லை. வாட்டம் பின்னாளில் சரிசெய்ய முடியாத குறை, தரையை உடைத்தால் ஒழிய. நாணயத்தால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். அடியில் கலவை நிரம்பாத டைல் பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும், அது பின்னால் பெயரும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து அழுத்தம் குறைகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் பல்பை எரியவிடுங்கள். மின்பெட்டியில் உள்ள மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது.

கையெழுத்துக்கு நீட்டும் ஒப்படைப்புக் கடிதத்தில் "எல்லா வேலைகளும் எனக்குத் திருப்தியாக முடிந்துள்ளன, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழேயே பேனாவால், "இணைத்துள்ள குறைப் பட்டியலுக்கு உட்பட்டு" என்று எழுதி, பட்டியலை இணைத்து, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். பில்டரின் மேலாளர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

கடிதம் எழுதும் விதம்

குறை தெரிந்ததும் மின்னஞ்சல் அனுப்புங்கள், அதையே தாளில் அச்சிட்டு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தைக் கொட்ட வேண்டாம். எஞ்சினியர் படித்தால் வேலையைப் புரிந்துகொள்ளும்படியும், நீதிபதி படித்தால் தேதியைப் புரிந்துகொள்ளும்படியும் எழுதினால் போதும். உதாரணமாக:

"மேற்படி வீடு 2023 ஜூன் 14 அன்று எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பொதுக் குளியலறையை ஒட்டிய படுக்கையறையின் வடக்குச் சுவரில், தரையிலிருந்து சுமார் 2 அடி உயரம் வரை, 2024 நவம்பர் முதல் ஈரம் உள்ளது. படங்கள் இணைப்பில். 2025 ஜனவரியில் உங்கள் ஆட்கள் வந்து பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தார்கள். மார்ச்சில் ஈரம் மறுபடி வந்துவிட்டது. குளியலறைத் தரையில் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திச் சோதித்ததில் கசிவு உறுதியானது. நீர்க்காப்பை முழுமையாக மாற்றி அமைத்து, சுவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம். ரெரா சட்டம் பிரிவு 14(3)இன்படி இதற்கு 30 நாள் கால அவகாசம்."

இதற்குப் பிறகு ஆள் வந்து வேலை செய்தால், என்ன செய்தார்கள் என்று படத்தோடு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். "வேலை நடந்தது, காரணம் சரியாகியதா என்பது அடுத்த மழையில் தெரியும்" என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். பில்டர் வருவதற்குள் நீங்களே இடித்துச் சரிசெய்துவிடாதீர்கள், சாட்சியம் போய்விடும். தண்ணீர் மின்பெட்டிக்குள் இறங்குகிறது என்பதுபோல அவசரம் என்றால் செய்துதான் ஆக வேண்டும். அப்போது முன்னும் பின்னும் படம், பில், பில்டருக்கு ஒரு தகவல், இந்த மூன்றும் இருக்க வேண்டும்.

குறை பெரியதாக இருந்தால் ஒரு சுயேச்சையான பொறியாளரின் அறிக்கை வாங்குவதற்குச் செலவு செய்யுங்கள். கான்கிரீட்டை உடைக்காமலே சோதிக்கும் வழிகள் உண்டு. ரீபவுண்ட் ஹேமர் மேற்பரப்பின் உறுதியைக் காட்டும், மீயொலிச் சோதனை உள்ளே தேன்கூடு போலப் பொத்தல் இருக்கிறதா என்று சொல்லும். சந்தேகம் தீராவிட்டால் உருளை வெட்டி எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் இத்தகைய ஆய்வுகளைச் செய்கின்றன. ஒற்றை வீட்டுக்காரருக்கு இது கையைக் கடிக்கும். குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து செய்தால் தாங்கும். பொதுப் பகுதிகளான மொட்டை மாடி, லிஃப்ட் கிணறு, கார் நிறுத்தும் தளம் ஆகியவற்றுக்குச் சங்கமே புகார் கொடுக்கலாம், 31ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது.

30 நாள் முடிந்தும் அசையவில்லை என்றால்

தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் இரண்டு வகை மனுக்கள் உண்டு. குறையைச் சரிசெய்ய உத்தரவிடக் கேட்பது ஆணையத்திடம், இதற்குப் படிவம் எம். இழப்பீடு கேட்பது தீர்ப்பு அலுவலரிடம், இதற்குப் படிவம் என். இழப்பீட்டை முடிவு செய்வது தீர்ப்பு அலுவலரின் வேலைதான் என்பதை 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. மனுவைத் தவறான இடத்தில் போட்டு மாதங்களை இழப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், கசிவு, விரிசல் மாதிரியான குறைகளில் "நீங்களே மறுபடி வந்து செய்யுங்கள்" என்று கேட்பதைவிட, வேறு ஒப்பந்ததாரரிடம் மதிப்பீடு வாங்கி அந்தத் தொகையை இழப்பீடாகக் கேட்பது பெரும்பாலும் நிம்மதி. முதல் தடவை ஒப்பேற்றியவர் உத்தரவுக்குப் பயந்து செய்யும் இரண்டாம் வேலை எப்படி இருக்கும்?

பில்டர் மேல்முறையீடு போகலாம், அதற்கு 60 நாள். ஆனால் அவருக்கு எதிராகத் தீர்ப்பான இழப்பீட்டையும் வட்டியையும் மேல்முறையீட்டைக் கேட்கும் தீர்ப்பாயத்தில் கட்டிய பிறகுதான் வழக்கே எடுக்கப்படும். தீர்ப்புக்குப் பிறகும் பணம் கொடுக்காவிட்டால் நிலவரி பாக்கி வசூலிப்பதுபோல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்க 40ஆம் பிரிவு வழி செய்கிறது. காகிதத்தில் இது பலமான ஆயுதம். நடைமுறையில் வட்டாட்சியர் அலுவலகப் படிகளை நீங்களும் ஏற வேண்டியிருக்கும்.

இன்னொரு கதவு நுகர்வோர் ஆணையம். ரெரா வந்துவிட்டதால் இது மூடிவிடவில்லை என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நீங்கள் வீட்டுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் காலக்கெடு இறுக்கமானது, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. பில்டரோடு கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் இந்தக் கடிகாரம் நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

சின்ன பில்டர், தனி வீடு

500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில், அல்லது எட்டு வீட்டுக்கு மிகாமல் கட்டினால் ரெரா பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி, அதாவது சுமார் 446 சதுர மீட்டர். சென்னையின் உட்தெருக்களில் பழைய வீட்டை இடித்துவிட்டு நாலு, ஆறு ஃபிளாட் எழுப்பும் பில்டர்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் வந்துவிடுவார்கள். அங்கே நேரான வழி நுகர்வோர் ஆணையம். அதனால் கட்டுமான ஒப்பந்தத்திலேயே ஐந்தாண்டுப் பொறுப்பு என்று எழுதி வாங்குவது முக்கியம், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்.

சொந்த மனையில் ஒப்பந்ததாரரை வைத்துக் கட்டுபவர்களுக்கும் ரெரா வராது. அவர்களுக்குக் கையில் இருக்கும் நிஜமான வாரண்டி, கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் கடைசித் தவணை. மொத்தத் தொகையில் 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று ஒப்பந்தமே எழுதாமல் வேலையைக் கொடுப்பது நம்மிடம் ஒரு பெரிய பழக்கம். அப்படிக் கொடுத்த வேலையில் தகராறு வந்தால் எந்த ஆணையமும் முதலில் கேட்பது ஒப்பந்தத்தைத்தான். அது இல்லையென்றால், வங்கி வழியே பணம் கொடுத்த கணக்கு, அனுமதி பெற்ற வரைபடம், செய்திகள் இவற்றை வைத்துத்தான் வாதாட வேண்டும்.

கட்டி ஓரிரு வருடமே ஆன ஃபிளாட்டை முதல் உரிமையாளரிடமிருந்து வாங்குபவர்களுக்கும் ரெராவில் இடம் உண்டு. பின்னால் கிரயம் வாங்கியவரையும் ஒதுக்கீடு பெற்றவராகவே சட்டம் கணக்கில் எடுக்கிறது, வாடகைக்கு இருப்பவரை மட்டும் சேர்ப்பதில்லை. எனவே ஐந்தாண்டில் மிச்சமுள்ள காலம் உங்களுக்கு வரும். கிரயம் பேசும்போதே விற்பவரிடமிருந்து ஒப்படைப்புக் கடிதத்தின் நகலையும், அவர் பில்டருக்கு ஏற்கெனவே எழுதிய புகார்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.